மூணு விரல் மஞ்சளும் நானூற்றுச் சொச்சம் போட்டோவும்

கல்யாண மாப்பிள்ளையைவிடக் கல் நல்ல மாடல் என்று நம்பித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். கல்லுக்கு வேர்க்காது. பிளாஷ் அடிக்கிற நேரம் பார்த்துக் கண்ணை மூடாது. ஆல்பம் கைக்குப் போன மறுநாள் போன் போட்டு, என் மூக்கு ஏன் இப்படி விழுந்திருக்கிறது என்று கேட்காது. கல்லும் கேட்கும், அதுவும் ஆள் விட்டுக் கேட்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

புதுக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் பதினோரு வருடம் ஆல்பம் டிசைன் செய்தவள் நான். பெயர் மேரி. பருவை எடுப்பது, கருவளையத்தை எடுப்பது, முகூர்த்தத்துக்கு வராமல் கோபித்துக்கொண்டு போன சித்தப்பாவை வேறொரு போட்டோவிலிருந்து வெட்டி எடுத்து, வந்தவர்கள் வரிசையில் சிரித்தபடி நிறுத்துவது, எல்லாம் கைவந்த கலை. போன வருடம் எங்கள் மாவட்டத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. எந்த அருங்காட்சியகம் என்று எழுத மாட்டேன். எங்கள் மேலதிகாரி மேடம் இதைப் படிப்பார்.

வேலை இதுதான். ஒரு பழம்பொருளைச் சுற்றிச் சுற்றி முந்நூறு நானூறு போட்டோ எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் அத்தனையையும் ஒட்டி, அந்தப் பொருளை அச்சு அசலாகத் திரைக்குள் நிறுத்தும். பார்க்க வருகிறவர்கள் கூடத்தில் இருக்கும் பெரிய தொடுதிரையில் அதை விரலால் திருப்பலாம், கவிழ்க்கலாம், கிட்டத்தில் போகலாம். ஆபீஸில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆளாக மாட்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் என் நிலைமை புரியும். பிரிண்டர் ஓடாவிட்டாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள், ஃபேன் ஓடாவிட்டாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள்.

தாழியில் ஒரு கட்டைவிரல்

முதலில் கையில் கொடுத்தது ஒரு முதுமக்கள் தாழி. அந்தக் காலத்தில் இறந்தவரை வைத்துப் புதைத்த பானை, என் தோள் உயரம். ஒரு நாள் பூரா சுற்றி வந்து போட்டோ எடுத்தேன். கம்ப்யூட்டர் ஒட்டிக் காட்டியபோது தாழிக்கு இரண்டு வாய் இருந்தது. என்ன கோளாறு என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு பார்த்தால், நான் டீ குடிக்கப் போன இடைவெளியில் பஷீர் அண்ணன் தாழியைத் துடைத்திருக்கிறார். பஷீர் அண்ணன் எங்கள் காட்சிக்கூடத்தின் பணியாளர். இருபத்திரண்டு வருடமாக தினமும் காலையில் துணியும் கையுமாக நிற்கிறவர். பாதி போட்டோவில் தூசி, பாதியில் தூசி இல்லை. இது வேறு அது வேறு என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டிவிட்டது. படம் எடுக்கிறோம், அழுக்காக இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். நானும் பருவெடுத்த கைதானே.

மறுநாள் திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை ஒரே வாயோடு வந்தது. தாழியின் கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டினாற்போல ஒரு வரிசைக் குழி உண்டு. ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். திரையில் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். ஒரு குழிக்குள் வளைவு வளைவாகக் கோடுகள் தெரிந்தன. அது கட்டைவிரல் ரேகை. பச்சை மண்ணாக இருந்தபோது ஒரு ஆள் சுற்றிச் சுற்றி வந்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வைத்திருக்கிறார். ஊரோ பேரோ தெரியாத ஆள். எத்தனையோ நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து செய்த வேலையில் அவருடைய கை அப்படியே இருக்கிறது.

பஷீர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார், தன் கட்டைவிரலைத் திரைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்திரண்டு வருசமா இவரு மேல துணியப் போட்டுத் தேச்சிருக்கேன் மேரிம்மா. ஒரு நாளு ஒரு சலாம் சொன்னதில்ல."

பார்க்க வராதவர்கள்

எங்கள் கூடத்தின் கோடியில் ஒரு நடுகல் இருக்கிறது. மாடு ஓட்டிப்போக வந்த கள்வர்களோடு சண்டை போட்டு, மந்தையை மீட்டு, அந்த இடத்திலேயே செத்துப்போன ஒரு வீரருக்கு வைத்த கல். இடுப்பளவு உயரம். கையில் வாள், பக்கத்தில் மாடு. அரிமளத்துக்குத் தெற்கே ஒரு ஊர்க் கண்மாய்க்கரையில் நின்றது, கரை உடைந்தபோது சாய்ந்து கிடந்து, அப்புறம் இங்கே வந்து சேர்ந்தது. ஊரில் அவருக்குப் பெயர் மந்தையய்யா.

கல் இடம் மாறினாலும் சொந்தக்காரர்கள் விடவில்லை. வருடா வருடம் மாசி மாதம் இரண்டு வேனில் வருவார்கள். மூன்று விரலில் மஞ்சளைத் தொட்டு ஐயாவின் முகத்தில் இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு, அதே விரலால் தங்கள் நெற்றியில் ஒரு இழுப்பு. அவ்வளவுதான், கூட்டம் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் இலையைப் போட்டு உட்கார்ந்துவிடும். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகைக்கும் அந்த மஞ்சள்தான். அது ஆகாமல் வேறு ஒருத்தருக்கும் பத்திரிகை கொடுக்கக் கூடாது, பெண்ணின் தாய்மாமனுக்குக்கூட. இருந்த அதிகாரிகள் எல்லாம் அந்த ஒரு நாள் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சேர்ந்த வருடம் கல் உதிர ஆரம்பித்திருந்தது. மஞ்சளும் தண்ணீரும் பட்டுப் பட்டு மேல்தோல் பொரிந்து விழுகிறது, இனி கை படவே கூடாது என்று வந்து பார்த்த நிபுணர் சொல்லிவிட்டார். மேடம் கண்ணாடிக் கூண்டு போட்டுவிட்டார். மேடம்தான் எங்கள் காப்பாட்சியர், அளந்து பேசுகிறவர், அளவுகோலும் கையோடு வைத்திருப்பார். அந்த மாசியில் வந்தவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மஞ்சள் விரலோடு நின்றார்கள். முன்னால் நின்றது மலர்க்கொடி, அந்தப் பக்கத்துக் கிராமத்தில் நர்சம்மா. வைகாசியில் அவர் மகள் தமிழரசிக்குக் கல்யாணம். பத்திரிகைக் கட்டு பையிலேயே இருந்தது. தமிழரசியும் பக்கத்தில் நின்றாள், புருவத்தில் ஒரு பழைய தழும்போடு. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் அந்தத் தழும்பை எடுக்க எத்தனை நிமிடம் பிடிக்கும் என்றுதான் என் மனசு கணக்குப் போட்டது.

மேடம் பொறுமையாகத்தான் பேசினார். கல் போய்விட்டால் உங்கள் பேரப்பிள்ளைகள் எதைத் தொடுவார்கள் என்று கேட்டார். கண்ணாடி வழியாக நன்றாகப் பாருங்கள், லைட்கூடப் போட்டிருக்கிறோம் என்றார். மலர்க்கொடி சத்தமே போடவில்லை.

"பாக்குறதுக்குன்னா போன்ல படம் இருக்குங்க மேடம். நாங்க பாக்க வரலை, தொட வந்தோம்."

காலுக்குப் பின்னால்

அவர்கள் பத்திரிகைக் கட்டைப் பிரிக்காமலே திரும்பிப் போனார்கள். அன்று சாயங்காலம் மேடம் என்னைக் கூப்பிட்டு, மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நடுகல்லைப் போட்டோ எடு என்றார். வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. அன்றைக்குக் கூண்டைக் கழற்றினோம். ஜன்னல் வெயில் கல்லில் விழுந்து பாடாய்ப் படுத்தியது. ஜும்மாவுக்குப் போய்விட்டு வந்த பஷீர் அண்ணன் வெயிலை மறைக்க ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார். துணியைக் கையில் கொடுத்தும் அன்று அவர் எதையும் துடைக்கவில்லை. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு போட்டோ.

கம்ப்யூட்டரில் ஒரு வசதி உண்டு. கல்லின் நிறத்தை எல்லாம் எடுத்துவிட்டு, மேடு பள்ளத்தை மட்டும் சாம்பல் நிறத்தில் காட்டச் சொல்லலாம். மஞ்சள் கறை, எண்ணெய்க் கருப்பு, பாசி எல்லாம் போய்விடும். அப்புறம் திரைக்குள்ளேயே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து நகர்த்தலாம். நான் விளக்கை மெதுவாக இடப்பக்கமிருந்து நகர்த்தினேன். வாள் எழுந்தது. இடுப்புக் கச்சையின் மடிப்பு எழுந்தது. வீரரின் வலது காலுக்குப் பின்னால், இதுவரை வெறும் பொருக்கு என்று நாங்கள் நினைத்த இடத்தில், நாலு சின்னக் கால்களும் ஒரு சின்ன முதுகும் எழுந்தன. ஒரு கன்றுக்குட்டி. அவருடைய காலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

சண்டை நடுவில் ஒரு கன்று பயந்துபோய் ஒரு மனுசனின் காலடியில் ஒண்டியிருக்கிறது. அதைப் பார்த்த யாரோ சிற்பியிடம் சொல்லியிருக்க வேண்டும், இதை விட்டுவிடாதே என்று. மேடத்தைப் பார்த்தால் அவர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

"பதினாலு வருஷமா இவர் பக்கத்துல ஒரு மாடுன்னு மட்டும் எழுதி வச்சிருக்கேன் மேரி. நாளைக்கே லேபிளை மாத்தணும்."

நகர்ந்து போனவர்

எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லைத் தொட முடியாவிட்டால் என்ன, இதோ திரையில் ஐயா நிற்கிறார், ஆசை தீரத் தொடட்டும் என்று மேடத்திடம் சொன்னேன். மேடம் யோசித்தார். தொட்டால் தப்பில்லை, ஆனால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்றார். ஏற்றுக்கொள்ளாமல் எங்கே போவார்கள் என்று நான் வீராப்பாகச் சொல்லிவிட்டு மலர்க்கொடிக்குப் போன் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். மலர்க்கொடியின் கொழுந்தன் சேகரும் வந்திருந்தார். லாரி ஓட்டுகிறவர், எதையும் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்க்கிற ஆள். நான் ஐயாவைத் திரை நிறைய நிறுத்தினேன். கன்றுக்குட்டியைக் காட்டியதும் அவர்கள் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மலர்க்கொடி வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதார். சேகர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. அப்போதுதான் மலர்க்கொடி மஞ்சளைக் குழைத்து, மூன்று விரலில் எடுத்து, திரையில் ஐயாவின் முகத்தில் வைத்து இடமிருந்து வலமாக இழுத்தார்.

அந்தத் தொடுதிரையில் ஒரு விரல் வைத்தால் பொருள் திரும்பும். இரண்டு விரல் வைத்தால் பெரிதாகும். மூன்று விரல் வைத்து இழுத்தால் பொருளே அந்தப் பக்கம் நகர்ந்து போகும். இதை அமைத்தவளே நான்தான். ஐயா விரலோடு வலப்பக்கம் போனார். மலர்க்கொடி திகைத்துப்போய் இன்னொரு தரம் இழுத்தார். வாளும் போயிற்று, மாடும் போயிற்று, கடைசியில் கன்றுக்குட்டியும் போயிற்று. வெறும் கறுப்புத் திரையில் மூன்று மஞ்சள் கோடு மட்டும் நின்றது. இது ஒரு செட்டிங், ஒரு நொடியில் மாற்றிவிடலாம் என்று நான் பதறிப் பதறிச் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. அவர்கள் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். மலர்க்கொடிதான் என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார்.

"நாங்க கைய வச்சோம், அவரு ஒதுங்கிட்டாரு தங்கச்சி. இனி எந்த மொகத்தோட பத்திரிகையப் பிரிக்கிறது?"

நான் வைத்த மீசை

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தாய் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க முடியாமல் வீட்டில் வைத்திருக்கிறார், அதில் என் செட்டிங்குக்கும் பங்கு இருக்கிறது. மேடம்தான் வழி சொன்னார். உன்னிடம் இருக்கும் அளவை வைத்துக் கல்லிலேயே ஒரு நகல் வெட்டினால் என்ன? நகல் கண்மாய்க்கரைக்குப் போகட்டும், பழையபடி தொடட்டும், அசல் இங்கே பத்திரமாக இருக்கட்டும். மலர்க்கொடியிடம் கேட்டதற்கு, செய்து காட்டுங்கள், பிடித்திருந்தால் பார்க்கலாம் என்றார். குரலில் நம்பிக்கை இல்லை. பங்குனி பிறந்துவிட்டது.

நகல் என்றதும் என் பழைய புத்தி எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஐயாவின் முகம் தேய்ந்து மழுங்கிக் கிடந்தது. கண் இல்லை, மூக்கு இருந்த இடத்தில் ஒரு மேடு, வாய் ஒரு நிழல். ஊருக்குத் திரும்பப் போகிற மனுசனை இப்படியா அனுப்புவது? ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரிலேயே அவருக்கு அகலமான கண் வைத்தேன், எடுப்பான மூக்கு வைத்தேன், முறுக்கு மீசை வைத்தேன். ஜம்மென்று இருந்தார். மேடத்திடம்கூடக் காட்டாமல் படத்தை மலர்க்கொடிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பாராட்டுக்காகப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. ஸ்டுடியோவில் இருந்தவர்களுக்குத் தெரியும், கஸ்டமர் திட்டினால்கூடப் பரவாயில்லை, பேசாமல் இருந்தால் ஆல்பம் திரும்பி வருகிறது என்று அர்த்தம்.

திங்கட்கிழமை மலர்க்கொடி டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு பஸ் ஏறி வந்தார். மேடத்தின் மேசையில் போனை வைத்தார். மேடம் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நாலு அறை தேவலை. மலர்க்கொடி என்மேல் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நல்லா லட்சணமா இருக்காருங்க. ஆனா இவரு யாருன்னுதான் எங்களுக்குத் தெரியலை."

கீறலைக் கேட்டு வாங்கியது

அவர் போன பிறகு நான் வைத்த கண்ணையும் மூக்கையும் மீசையையும் ஒவ்வொன்றாக அழித்தேன். பழைய முகம் திரும்ப வந்தது. மேடம் என் பின்னாலேயே நின்றார். விளக்கைப் பக்கவாட்டில் போடு என்றார். நகர்த்தினேன். அப்போது பார்த்தது இந்த ஜென்மத்துக்கு மறக்காது. அந்த முகம் மழையில் கரையவில்லை, வெயிலில் பொரியவில்லை. அதில் மூன்று பள்ளம் ஓடியது. நெற்றியில் ஒன்று, கண் இருந்த இடத்தில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. மூன்றும் இடமிருந்து வலமாக, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. மேடம் அளந்தார். ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம்.

அத்தனையும் கைகள். மாசிக்கு மாசி, கல்யாணத்துக்குக் கல்யாணம், மஞ்சளைத் தொட்டு இழுத்த கைகள். பிள்ளை பெற்றவள், கண்மாய் வெட்டினவன், வேலைக்குக் கப்பலேறினவன், திரும்பி வந்தவன், எல்லோரும் ஒரே திக்கில் ஒரே மூன்று விரலால் இழுத்து இழுத்து ஒரு கருங்கல்லின் கண்ணை எடுத்திருக்கிறார்கள். தாழியில் இருந்தது ஒரு ஆளின் ஒரு நாள். இது எத்தனை தலைமுறை! இதைப் போய் நான் பரு என்று நினைத்து எடுத்திருக்கிறேன். மேடம் முன்னாலேயே அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை. தன் கைக்குட்டையை எடுத்து என் கீபோர்டு பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

நகல் வெட்ட ஒரு கிரானைட் பட்டறையைப் பிடித்தோம். சமையல் மேடைக்குக் கல் அறுக்கிற இடம், கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டுகிற மெஷின் இருந்தது. கல்லை மலர்க்கொடி வீட்டாரே பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள், அவர்கள் வயலில் கிடந்தது. மெஷின் போடும்போது நான் பக்கத்தை விட்டு நகரவில்லை. முதல் நாளே பட்டறைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, என்னக்கா மூஞ்சியெல்லாம் பள்ளமாக இருக்கிறதே, ஸ்மூத் பண்ணிவிடட்டுமா என்று மவுஸில் கை வைத்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மெஷின்காரர் தன் மெஷினை நிறுத்திவிட்டார். கையை எடுங்கள், ஒரு கோடு குறைந்தாலும் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். மூன்று நாள் வெட்டியது. மூன்று நாளும் போய் உட்கார்ந்தேன்.

"கீறல் இருந்தா ரிட்டன் பண்ணுவாங்க, அது தெரியும். ஒரு கீறலும் கொறையக் கூடாதுன்னு சண்டைக்கு வாற மொத கஸ்டமர் நீங்கதாங்க்கா."

கண்மாய்க்கரையில்

நகலை முதலில் எங்கள் கூடத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். பெரியவரைச் சின்னவர் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று மலர்க்கொடி கேட்டார். விதியில் அப்படி ஒன்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை என்றார் மேடம். கண்ணாடிக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், அரை மணி நேரம் எதிரும் புதிருமாக நின்றார்கள். அசல் கறுப்பேறி, பொரிந்து. நகல் அப்போதுதான் வெட்டிய கல்லின் வெளுப்போடு. இரண்டு முகத்திலும் அதே மூன்று பள்ளம். சேகர் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தார். டயரைத் தட்டுகிற மாதிரியே தட்டினார். மெஷினில் வெட்டினது மெஷினில் வெட்டினதுதான் அண்ணி, கை வைத்துப் பார்த்தால் தெரிந்துபோகும் என்றார்.

பங்குனி முடிய நாலு நாள் இருந்தது. கண்மாய்க்கரையில் பழைய இடத்திலேயே நட்டார்கள். மேடமும் பஷீர் அண்ணனும் நானும் போயிருந்தோம். நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். மலர்க்கொடி மஞ்சளைக் குழைத்தார். இது ஒப்புக்கொள்ளப்படாவிட்டால் அந்தப் பத்திரிகைக்கு வேறு வழியே இல்லை, கல்யாணத் தேதியைத் தள்ளிவைப்பது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் அரை மனதாகத் தலையாட்டிவிட்டு ஓரமாக நின்றார்கள். மலர்க்கொடி கண்ணை மூடிக்கொண்டார். மூன்று விரலை ஐயாவின் இடது பக்கம் வைத்தார்.

விரல் பள்ளத்தில் இறங்கியது. எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது. தேட வேண்டியிருக்கவில்லை, தடவ வேண்டியிருக்கவில்லை, சின்ன வயதிலிருந்து போய்ப் பழகின தடத்தில் கை தானாகப் போனது. வலப்பக்கம் முடிகிற இடத்துக்கு வந்தும் அவர் கையை எடுக்கவில்லை. அடுத்து சேகர் வந்தார். அவரும் வைத்தார், இழுத்தார், பாதியில் நின்றார். விரலைத் திரும்ப ஆரம்பத்தில் வைத்து இன்னொரு தரம் இழுத்தார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் கண்மாய்ப் பக்கம் திரும்பி நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஷீர் அண்ணன் என் காதில், சலாம் சொல்லிவிட்டேன் மேரிம்மா என்றார். மேடம் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கும் தொட ஆசை என்று எனக்குத் தெரியும். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பதினாலு வருடம் தொடாதே தொடாதே என்று சொன்ன வாய், எப்படிக் கேட்பது? மலர்க்கொடியே மஞ்சள் கிண்ணத்தை அவர் முன்னால் நீட்டினார். மேடத்தின் விரலும் தடத்தில் இறங்கியது. கடைசியாக, மஞ்சள் நெற்றியோடு மகள் பக்கம் திரும்பினார் மலர்க்கொடி.

"பையத் தெற தமிழு. மொதப் பத்திரிகைய அவரு காலடியில வையி, அப்பறம் ஒம் மாமனுக்குப் போன் போடு."

முகத்தில் இருப்பது

அங்கேயே, அந்தக் கரையிலேயே, இரண்டாவது பத்திரிகை மேடத்துக்கு, மூன்றாவது பஷீர் அண்ணனுக்கு, நாலாவது எனக்கு. ஓரத்தில் மஞ்சள் தடவி, பெயர் எழுதிக் கொடுத்தாள் தமிழரசி. எனக்கு ஸ்டுடியோ வேலை தெரியும் என்று அம்மா சொன்னாராம். ஆல்பத்தை நான்தான் செய்து தர வேண்டும் என்று கேட்டாள். அதற்கென்ன, தாராளமாகச் செய்கிறேன் என்றேன். பேசிக்கொண்டே என் கண் தன்னைப்போல அவள் புருவத்துக்குப் போயிருக்கிறது. அவள் கவனித்துவிட்டாள். இந்தக் கரையில் சைக்கிள் பழகும்போது விழுந்ததாம். ஐயா கல் இருந்த இந்த மேட்டில்தான் தலை மோதியதாம். மூன்று விரலை எடுத்து அந்தத் தழும்பின் மேல் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இவருக்கு மீச வச்ச மாதிரி எனக்கும் எதையாச்சும் பண்ணிராதீங்க்கா. நான் யாருன்னு எங்க வீட்ல தெரியணும்."

அந்த ஆல்பத்தில் நான் தொடாமல் விட்டது அவள் முகம் ஒன்றைத்தான், மொத்த ஆல்பத்திலும் எனக்கு அதிக நேரம் பிடித்ததும் அதுதான்.